அம்மா கஷாயம் குடிப்பது டாக்டருக்குத் தெரியாது

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. மொத்தம் எட்டு. டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்ந்த முதல் நான்கு முடிந்துவிட்டன. அடுத்த நான்கும் பேக்லிடாக்ஸல் என்று எழுதியிருக்கிறார்கள். உறவினர் ஒருவர் சொல்லி, இரண்டாவது கீமோவிலிருந்து அம்மா ஒரு மூலிகைச் சூரணமும் கஷாயமும் எடுத்துக்கொள்கிறார். டாக்டருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஒருமுறை “மூலிகை மருந்து ஏதாவது எடுக்கலாமா” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எடுக்கிறதா இருந்தா இங்க வராதீங்க” என்று சொல்லிவிட்டார். இது ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது என்கிறார் அம்மா. இப்போது “மீதி கீமோ வேண்டாம், இதுவே போதும்” என்று பேசத் தொடங்கியிருக்கிறார். அண்ணன் எல்லாவற்றையும் குப்பையில் போடு என்கிறான். அம்மாவுக்குத் தெரியாமல் நானே டாக்டரிடம் சொல்லிவிடலாமா? இந்த மருத்துவங்களுக்கு இடமே கிடையாதா? நோயாளியை மையமாக வைத்த சிகிச்சை என்று பேசுகிறார்களே, அதில் அம்மாவின் விருப்பத்துக்கு என்ன மதிப்பு? கீமோ முடிந்த பிறகாவது இதை எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான் புற்றுநோயாளிகளின் வலி, வாந்தி, தூக்கமின்மை போன்ற அவதிகளைக் கவனிக்கும் மருத்துவர். நீங்கள் எழுதியிருப்பது போன்ற வீட்டு நிலவரத்தை அடிக்கடி கேட்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கீமோ ஏறுவதற்கு முன் இந்தச் சூரணமும் கஷாயமும் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை அம்மா அவற்றை நிறுத்தி வைப்பது நல்லது. ஆனால் அண்ணன் சொல்வதுபோல் குப்பையில் போடாதீர்கள். டப்பா, பொட்டலம், சீட்டு, மிச்சமிருக்கும் தூள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே தகவல். நிறுத்திய பிறகு அம்மாவுக்கு வழக்கத்துக்கு மாறான சோர்வோ தலைசுற்றலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அப்புறம், கீமோ நாட்களில் உடம்பு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயமோ காய்ச்சல் மாத்திரையோ கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்துக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். அம்மாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் சொல்லலாமா? வேண்டாம். உடம்பு அம்மாவுடையது, சிகிச்சையும் அவருடையது. சுயநினைவோடு, விவரம் புரிந்து பேசுகிற ஒருவரைப் பற்றி அவருக்குப் பின்னால் போய்ச் சொன்னால், டாக்டர் அடுத்த முறை அதைக் கேட்பார், யார் சொன்னது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதோடு வீட்டில் அவர் நம்பிப் பேச ஆள் இருக்காது. கஷாயம் நிற்காது, ஒளிந்து குடிப்பதுதான் நடக்கும். அம்மாவே சொல்ல வேண்டும், அல்லது அவர் சம்மதத்தோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கண் மஞ்சளாவது, காய்ச்சல், ரத்தக்கசிவு, மயக்கம் என்று ஏதாவது வந்து அவசரமாக அழைத்துப் போகிறீர்கள் என்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அந்த டாக்டர் சொன்னதைப் பற்றியும் பேசியாக வேண்டும். “இங்க வராதீங்க” என்பது தவறான பதில். அவசரத்தில் சொன்னாலும் பயத்தில் சொன்னாலும் தவறுதான். அந்த ஒரு வரியால் அம்மா கஷாயத்தை விடவில்லை; டாக்டரிடம் பேசுவதைத்தான் விட்டார். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 1990-இல் எடுத்து 1993-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு மாற்று மருத்துவத்தைப் பயன்படுத்தியிருந்தார். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை. மருத்துவ உலகை உலுக்கிய எண் அது. அதற்குப் பிறகுதான் “வேறு என்ன எடுக்கிறீர்கள்” என்று கேட்பது மருத்துவரின் வேலை என்ற எண்ணம் வலுப்பட்டது. உங்கள் டாக்டர் அதை முதல் நாளே, முகம் சுளிக்காமல் கேட்டிருக்க வேண்டும்.

சொல்லாமல் எடுப்பதில் என்ன ஆபத்து என்று அம்மா கேட்பார். “விஷமாகிவிடும்” என்று பயமுறுத்த வேண்டாம். நடப்பதை அப்படியே சொல்லுங்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்தம் எடுக்கிறார்கள் அல்லவா? அதில் ஈரல் நொதிகளையும் பிலிரூபினையும் பார்க்கிறார்கள். பேக்லிடாக்ஸலை உடைத்து வெளியேற்றுவது ஈரல். ஈரல் தளர்ந்திருந்தால் அந்த மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும், பக்கவிளைவு கூடும். அதனால் அந்த எண்கள் ஏறியிருந்தால் டாக்டர் கீமோவைத் தள்ளிப்போடுவார் அல்லது அளவைக் குறைப்பார். இப்போது அம்மாவின் சூரணத்தில் உள்ள ஏதோ ஒரு மூலிகை ஈரலைச் சீண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டருக்குச் சூரணம் இருப்பதே தெரியாது. எண்களைப் பார்ப்பார், கீமோதான் காரணம் என்று முடிவு செய்வார், தேவையான மருந்தைக் குறைப்பார். சூரணம் தொடரும். அடுத்த முறையும் அதே கதை. யாரும் தப்பு செய்ய நினைக்கவில்லை, ஆனால் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை பாதியாகிவிடும்.

இது கற்பனை பயம் இல்லை. கிரீன் டீ சாறு மாத்திரைகள், செறிவூட்டிய மஞ்சள் காப்ஸ்யூல்கள் இரண்டும் சிலருக்கு ஈரல் பாதிப்பை உண்டாக்கியது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பது மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் மூலிகை. அது ஈரலின் நொதிகளை முடுக்கிவிடுவதால் மற்ற மருந்துகள் வேகமாகக் கரைந்து போகின்றன. இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேர் இதை எடுத்ததில், புதிய இதயத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, உடம்பு அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. 2000-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. மூலிகையை நிறுத்தியதும் அளவு சரியானது. பேக்லிடாக்ஸலை உடைக்கும் நொதிகளில் ஒன்றும் அதே குடும்பம்தான்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது உடம்பைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைக் கெடுக்கும். தைராய்டு, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற சோதனைகளில் தவறான எண் வரச் செய்யும். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதை எடுத்தவருக்கு இதயச் சோதனை பொய் சொல்வது நல்லதல்ல.

இவ்வளவு சொன்னதும், “பார்த்தாயா, நான் சொன்னேனே” என்று அண்ணன் கிளம்பிவிடக் கூடாது. அவர் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. மூலிகை என்றாலே ஏமாற்று என்று நினைப்பதற்கு மருத்துவ வரலாறு இடம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அடுத்து ஏறப்போகும் பேக்லிடாக்ஸலே பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. சீனாவின் தூ யூயூ பழைய மருத்துவச் சுவடிகளைப் படித்துத்தான் மலேரியாவுக்கான ஆர்டிமிசினினை எடுத்தார், 2015-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக, செடி ஒரு பக்கம், ரசாயனம் மறுபக்கம் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எவ்வளவு கொடுத்தால் பலன், எவ்வளவுக்கு மேல் விஷம், வேறு எதோடு சேரக் கூடாது என்று சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நித்தியகல்யாணியை வீட்டில் அரைத்துக் குடித்தால் வின்கிரிஸ்டின் கிடைக்காது, விஷம்தான் கிடைக்கும்.

சோதித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஓர் உதாரணம் உண்டு. பேக்லிடாக்ஸல் வகை மருந்துகள் விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போதலைக் கொண்டுவரும். நரம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த அசிட்டைல் எல்-கார்னிடைன் என்ற இயற்கைச் சத்து அதைத் தடுக்கும் என்று நம்பி, மார்பகப் புற்றுநோய் உள்ள 409 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு அந்தச் சத்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2013-இல் முடிவு வந்தபோது, சத்து மாத்திரை எடுத்தவர்களுக்கு 24-வது வாரத்தில் மரத்துப்போதல் அதிகமாக இருந்தது. கொடுத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஒப்பிட்டுப் பார்த்ததால் மட்டுமே இது தெரிய வந்தது. ஒரு வைத்தியரோ ஒரு டாக்டரோ தனியாகத் தன் அனுபவத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சரி, “சூரணம் ஆரம்பித்த பிறகு தூக்கம் வருகிறது” என்று அம்மா சொல்வது பொய்யா? இல்லை. அவருக்கு அப்படித்தான் இருக்கிறது. அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் காரணம் பலவாக இருக்கலாம். கீமோவோடு வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதல் சில நாள் தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு தானாகச் சரியாகும். கீமோ ஏறிய முதல் வாரத்தில் படுத்தும் குமட்டல் அடுத்த வாரங்களில் இறங்கும். சூரணத்தை எந்த நாளில் தொடங்கினார் என்று பாருங்கள். அவதி உச்சத்தில் இருக்கும்போது தொடங்கியிருந்தால், தொடங்காமல் இருந்தாலும் அடுத்த சில நாளில் தேறியிருப்பார். சூரணத்தில் உண்மையிலேயே தூக்கம் தரும் மூலிகை இருக்கவும் கூடும். இன்னொரு சாத்தியத்தைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கென்று விற்ற சில மூலிகை மாத்திரைகளில் அட்டையில் எழுதாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் கலந்திருப்பதாக 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஒளித்துக் கலந்த ஸ்டீராய்டு சட்டென்று பசியையும் தெம்பையும் கொடுக்கும். வாரக்கணக்கில் எடுத்துவிட்டு திடீரென நிறுத்தினால் உடம்பு தள்ளாடும். மேலே சோர்வைக் கவனிக்கச் சொன்னது இதனால்தான். அம்மாவின் சூரணம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பெயரில்லாத பொட்டலத்தைப் பார்த்து யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது என்கிறேன்.

நம்மை யாரோ கவனிக்கிறார்கள், எதையோ செய்கிறார்கள் என்பதே தரும் தெம்பும் உண்டு. இதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அந்தத் தெம்பு எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைக் காட்டிய ஒரு ஆய்வை நோயாளிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2011-இல் வெளியானது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு முறை உண்மையான மருந்து அடங்கிய இன்ஹேலர், ஒரு முறை மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு முறை போலி அக்குபஞ்சர், ஒரு முறை எதுவுமே இல்லாமல் காத்திருப்பது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். “எப்படி இருக்கிறது” என்று கேட்டபோது உண்மை மருந்துக்கும், வெற்று இன்ஹேலருக்கும், போலி ஊசிக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்: ஏறக்குறைய பாதி குணம். வெறுமனே காத்திருந்ததற்கு அதைவிட மிகக் குறைவு. பிறகு கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மை மருந்தில் காற்று 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான்.

இதில் இரண்டு பக்கமும் உண்மை. அவர்கள் நிம்மதியாக உணர்ந்தது நிஜம். அதற்கு மதிப்பு இருக்கிறது. மூச்சுக்குழாய் விரியாததும் நிஜம். தூக்கம், பயம், வலி, சோர்வு, குமட்டல் இவற்றில் நோயாளி சொல்வதே அளவுகோல்; அங்கே மற்ற மருத்துவங்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது. உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோய் அணுக்களின் விஷயத்தில் அம்மாவின் தெம்பு எந்தத் தகவலையும் தராது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவை வளரலாம்.

அதனால்தான் “இதுவே போதும்” என்ற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. 2018-இல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. முதலாவது, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சை எதுவும் எடுக்காமல் மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவர்களைப் பற்றியது. அவர்கள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களுடையதைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். இரண்டாவதுதான் உங்கள் வீட்டுக்கு நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையோடு மற்றதையும் சேர்த்து எடுத்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு. ஏன் என்று தோண்டினால், அவர்களில் மூன்றில் ஒருவர் கீமோவை மறுத்திருந்தார். மற்றவர்களில் மறுத்தவர் நூற்றுக்கு மூன்று பேர்தான். அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இரண்டு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. அந்த ஆய்வில் உயிர்களைப் பறித்தது மூலிகையைவிட, தள்ளிவைக்கப்பட்ட சிகிச்சைதான்.

அம்மா மீதி நான்கையும் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவருக்கு ஒன்று தெரிய வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. முடிந்துபோன நான்கும் வரப்போகும் நான்கும் ஒன்றல்ல. டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு கூட்டு வாந்தியைத் தூண்டுவதில் மிகக் கடுமையான வரிசையைச் சேர்ந்தது. பேக்லிடாக்ஸல் அந்த விஷயத்தில் லேசான வரிசை. மரத்துப்போதல், உடம்புவலி என்று அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. ஆனால் வாயைக் கட்டிப்போட்ட அந்தக் குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு இருக்காது. அம்மா தான் பட்ட பாட்டை வைத்து, இனி வராத ஒன்றைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்கிறார். இதை மட்டும் நிதானமாகச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

எல்லாம் தெரிந்த பிறகும் அம்மா வேண்டாம் என்றால்? அப்போது அது அவர் முடிவு. 2001-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் தன் அறிக்கையில் நல்ல மருத்துவத்தின் ஆறு இலக்குகளில் ஒன்றாக இந்த நோயாளி மையத்தை வைத்தது. நோயாளியின் விருப்பம், தேவை, அவர் பெரிதாக மதிப்பவை இவற்றுக்கு ஏற்பச் சிகிச்சை அமைய வேண்டும் என்பது அதன் சாரம். கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வைப்பதும் இல்லை. “இந்த நான்கு கீமோவால் எனக்கு எவ்வளவு கூடுதல் பலன்?” என்று அம்மா கேட்டால், அவருடைய கட்டியின் அளவு, நெறிக்கட்டிகள், கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் ஆகிய சோதனை முடிவுகளைப் பார்த்து, அவருக்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. சிலருக்கு அந்தப் பலன் மிகப் பெரியது, சிலருக்குச் சிறியது. அந்தப் பதில் கிடைக்காத வரை அம்மா எடுப்பது முடிவே அல்ல, சலிப்பு.

இனி எதற்கு இடம் உண்டு என்பது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையின்போது எவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் வழிகாட்டுதல்களை வகுத்தது. 2018-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் அவற்றை ஏற்றது. மனப்பதற்றத்துக்குத் தியானம், யோகா, இசை. கீமோ குமட்டலுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து அக்குபிரஷர். மனம் தளர்ந்திருந்தால் மசாஜ். கவனித்தீர்களா, இவற்றில் எதுவும் வாய் வழியாக உள்ளே போவதில்லை. இஞ்சி மட்டும் குமட்டலுக்கு யோசிக்கலாம் என்று கீழ்ப்படியில் இருக்கிறது. சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் தீர்க்க விழுங்கும் சத்து மாத்திரைகள் எதற்கும் வலுவான ஆதாரம் இல்லை என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

அக்குபிரஷரை வீட்டிலேயே செய்யலாம். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை வையுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக அம்மாவின் மூன்று விரல் அகலம் அளந்துகொள்ளுங்கள். கையை லேசாக மடக்கினால் நடுவில் இரண்டு நரம்புக் கயிறுகள்போல் தசைநாண்கள் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளம்தான் இடம். கட்டை விரலால் வலிக்காத அழுத்தத்தில் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையை விட்டு மற்றக் கையில் செய்யுங்கள். அம்மா செய்வதைவிட நீங்கள் செய்தால் இன்னும் நல்லது. தினமும் சற்று நேரம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சேர்ந்துதான் கிடைக்கிறது.

ஊசி குத்தும் அக்குபஞ்சர் என்றால் அன்றைய வெள்ளணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மசாஜ் என்றால் அறுத்த இடத்திலும், ரத்தம் உறைந்த காலிலும் கை வைக்கக் கூடாது. யோகாவில் நெஞ்சையும் தோளையும் இழுக்கும் ஆசனங்களைப் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு தொடங்கலாம். மூச்சுப் பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது? ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல், நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை எழுதினார்கள். இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் எது உங்களுக்கு அதிகப் பயம் தருகிறது, சிகிச்சையிலிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பவை அவற்றில் சில. டாக்டர்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். “கீமோ என் உடம்பை அழிக்கிறது, இது என்னைக் கட்டுகிறது” என்று சொல்லலாம். “அந்த வைத்தியர்தான் என்னிடம் அரை மணி நேரம் பேசினார்” என்றும் சொல்லலாம். இரண்டாவது பதில் வந்தால், அம்மாவுக்குத் தேவைப்படுவது கஷாயம்தானா என்று நீங்களே யோசித்துப் பார்ப்பீர்கள். கடைசியில் இப்படிக் கேளுங்கள்: “அம்மா, நீ எடுக்கிறதைக் குப்பையில போடச் சொல்ல வரல. டாக்டர்கிட்ட சொல்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமே, நானும் கூட வர்றேன்.”

டாக்டரிடம் போகும்போது பொட்டலங்களைப் பையோடு எடுத்துப் போங்கள். என்று தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “எடுக்கலாமா” என்று கேட்டால் “கூடாது” என்ற ஒரு சொல்தான் வரும், ஆரம்பத்தில் வந்ததுபோல. அதற்குப் பதிலாக, “அம்மா இவற்றை எடுத்துக்கொண்டிருந்தார், தூக்கமும் சாப்பாடும் இல்லாததால் எடுத்தார், அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நிறையப் பதில் இருக்கிறது. ஒலான்ஸபின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் குமட்டல் அடங்கும், தூக்கமும் வரும், சிலருக்குப் பசியும் எடுக்கும். ஸ்டீராய்டைக் காலையிலேயே கொடுத்துவிட்டால் ராத்திரி தூக்கம் அவ்வளவு கெடாது. அம்மா தூக்கமில்லை என்று சொல்லியிருந்தால் இதையெல்லாம் முன்பே செய்திருக்கலாம். டாக்டருக்கு நேரமில்லை என்றால், மருத்துவமனையின் மருந்தாளுநரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மூலிகைக்கும் மருந்துக்கும் உள்ள மோதல்களைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியும். மறுபடியும் “இங்க வராதீங்க” என்றே பதில் வந்தால் வேறொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள், ஆனால் கீமோ தேதி தள்ளிப்போகாமல்.

சூரணம் கொடுத்தவரையும் பார்த்துப் பேசலாம், பேசவும் வேண்டும். என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதரசம், கந்தகம், தாளகம் (ஆர்சனிக் உள்ள தாது) சேர்த்துப் புடம் போட்டுச் செய்யும் பற்பமோ செந்தூரமோ இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. படித்த, பொறுப்புள்ள வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், எழுதிக் கொடுப்பார், கீமோ முடியும்வரை நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வார். அப்படிச் சொல்கிற பலர் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. “ரகசியக் கலவை, சொல்ல முடியாது”, “பக்கவிளைவே கிடையாது”, “கீமோவை விட்டுவிட்டு வா” என்று இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னால், அதற்கு மேல் அவரிடம் பேச எதுவும் இல்லை.

கீமோ முடிந்த பிறகு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத வரை அப்போதும் என் பதில் வேண்டாம் என்பதுதான். தெரிந்தால், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லலாம். கீமோ முடிந்ததும் மருந்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால் டமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோஸோல் போன்ற மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை போகும். மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல் டமாக்ஸிஃபெனின் வேலை செய்யும் வடிவத்தை ரத்தத்தில் சற்றுக் குறைத்ததாக ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. காப்ஸ்யூலில் செறிவாகப் போகும் அளவு வேறு, உணவில் சேரும் அளவு வேறு. உணவில் உள்ளதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதிமதுரம் தினமும் எடுத்தால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும். அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லெட்ரோஸோல் வகை மாத்திரையால் மூட்டு பிடித்துக்கொண்டால், அப்போது அக்குபஞ்சர் உதவக்கூடும். 226 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில் போலி அக்குபஞ்சரைவிட உண்மையானதில் வலி ஓரளவு குறைந்தது. அந்த வலி தாங்காமல் மாத்திரையையே விட்டுவிடுகிற பெண்கள் பலர். அதனால் அந்த ஓரளவும் எனக்குப் பெரிதுதான். அப்படி வலி வந்தால் அம்மா மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் முதலில் டாக்டரிடம் சொல்லட்டும். மாத்திரையை மாற்றிப் பார்க்கவும் வழி உண்டு.